மஹ்பூலா, மூன்றாவது மாடி

முள்கம்பி போட்ட இரவில்
ரொசாரியோ கம்பிக்கு அந்தப் பக்கம்.
ஃபஹாஹீலில் தண்ணீர்க் கேன் இறக்கிவிட்டுத் திரும்பியவனை
ரவுண்டானாவிலேயே நிறுத்திவிட்டார்கள்.
கம்பெனி கேம்பில் பன்னிரண்டு பேரோடு
பதின்மூன்றாவதாய்ப் படுத்துக்கொண்டு
"சாப்பிட்டியா" என்கிறான்.
சாப்பிட்டேன் என்கிறேன்.
இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏழாம் மாதம்.
முதல் வாரம் தரை துடைத்தேன்.
அடுத்த வாரம் கதவுப்பிடிகள்,
டெட்டால் தீர்ந்ததும் உப்புத் தண்ணீரில்.
பிறகு ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது
கத்தியைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ,
அடுப்பில் சட்டி கருகித்தான் கூப்பிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.

பாங்கில் ஒரு வரி மாறிவிட்டது.
தொழ வாருங்கள் என்ற இடத்தில்
வீட்டிலேயே தொழுங்கள் என்கிறார்களாம்.
மேல்மாடி எகிப்துக்காரி உம் ஹுதா
ரொட்டிக்குக் கயிற்றில் கூடை இறக்கும்போது
தலை நீட்டிச் சைகையில் சொன்னாள்.
பாங்கு சொன்னவரின் குரல் உடைந்ததற்குச்
சைகை தேவைப்படவில்லை.

மாமியார் வீடியோவில்:
"வளையல் சத்தம் கேக்கணும்டி, அப்பதான் புள்ள தெளியும்."
எந்தக் கடை திறந்திருக்கிறது?
சாவிக்கொத்தை வயிற்றருகே குலுக்கினேன்.
உள்ளே ஒரு புரளல்.
வெளியே போக முடியாத வீட்டின் சாவி,
அதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா உனக்கு?
சிரிப்புத்தான் வந்தது,
பாதியில் வேறெதுவோ ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்கிலிருந்து
ஷைனி சிஸ்டர் கூப்பிடுவாள்.
பிரஷர், சர்க்கரை, கால் வீக்கம்.
கடைசியில், தாள் புரளும் சத்தத்தோடு,
"மெர்லினே, உறக்கமொக்கெ உண்டோ?
சிரிக்கத் தோணுதா?"
உண்டு சிஸ்டர்.
மூன்று செவ்வாயும் உண்டு.

நான்காவது செவ்வாய் தாள் புரளவில்லை.
இருமினாள்.
"நேத்து வார்டுல ரெண்டு பேரு போயி.
ஸ்டோர் ரூம்ல நின்னு கரைஞ்ஞு.
பின்னே முகம் கழுவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுறேன்."

கரைந்தாளாம்.
அவள் மொழியில் அழுகைக்கு அதுதான் பெயர்.
சர்க்கரைக்கும் உப்புக்கும் நாம் சொல்வது.

நானும் கரைந்தேன்.
கத்தியைச் சொன்னேன். கருகிய சட்டியைச் சொன்னேன்.
குழந்தையே வேண்டாமென்று
ஒரு மதியம் சுவரிடம் சொன்னதை,
அது கேட்டிருக்குமோ என்று
விடியும்வரை வயிற்றைத் தட்டித் தட்டி
மன்னிப்புக் கேட்டதை.

அவள் ஆறுதல் சொல்லவில்லை.
"அந்தக் கத்தி இப்ப வீட்டுல வேண்டாம்.
யாருகிட்டயாவது கொடு. நான் லைன்ல இருக்கேன்.
நாளைக்கும் கூப்பிடுவேன், டாக்டரும் பேசுவாங்க" என்றாள்.

துணியில் சுற்றிப் பால்கனிக்குப் போனேன்.
காற்றில் ஆடிக்கொண்டிருந்த கூடையில் வைத்தேன்.
உம் ஹுதா மேலே இழுத்து, பிரித்துப் பார்த்து,
என்னைப் பார்த்து,
எதுவும் கேட்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் அதே கூடையில் இறங்கியது
ஒரு டப்பா நிறைய நறுக்கிய வெங்காயம்.
அதற்கடுத்த நாளும்.

மஹ்பூலா என்றால் பைத்தியக்காரி என்று அர்த்தமாம்.
ரொசாரியோ போனில் பாதி விளையாட்டாய்ச் சொன்னான்,
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.
ஊருக்கு விமானம் கேட்ட படிவத்தில்
நானேதான் நிரப்பியிருக்கிறேன்:
பெயர் மெர்லின், கர்ப்பம் முப்பது வாரம்,
இருப்பது மஹ்பூலாவில்.
பட்டியலில் இன்னும் பெயர் வரவில்லை.
அது வரைக்கும் இந்த முகவரிதான்,
இதில் ஆயிரம் பேர் இருக்கிறோம்.

டாக்டர் இரண்டு தடவை பேசினார்.
தூக்கம் கொஞ்சம் வருகிறது,
மூன்று மணி வரை.

இன்று ஐந்தாவது செவ்வாய்.
பத்து தாண்டியும் ஷைனியின் போன் வரவில்லை.
அவளுக்கு இருமல் இருந்தது.
நம்பரைத் தேடி நானே அழுத்துகிறேன்.
போகிறது,
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
எடுத்தால்
முதலில் அவள் உறக்கத்தைக் கேட்க வேண்டும்.