நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு

ரங்கூன் ஐம்பதாம் தெருவில் என் நகல் கடை.
நாலு மணி நேரம் கரண்ட் வரும்,
எட்டு மணி நேரம் வராது.
அந்த நாலுக்குள்தான்
விண்வெளியும் பூதமும் கலந்த பன்னிரண்டு புதுக்கதைகளை
எட்டுப் பிரதி எடுத்துத் தைத்தேன்.
தொகுத்தவர் சென்னைக்காரர்.
காசு வேண்டாம்,
படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று
எழுதினால் போதும் என்றார்.

கடைசியில் வெற்றுத் தாள் இரண்டு விட்டிருந்தேன்.
நிரப்பினார்கள்.

தாமுவே சௌந்தரவல்லி, பச்சை மையில்:
'நிலவில் ரேஷன் கடை வைத்தவர்
பூமியில் ஒருநாளும் வரிசையில் நின்றதில்லை.'
யாகூப் மரைக்காயர்:
'காலயந்திரம் ஏறிப் போனவன்
ஒரு பழைய கடனைக்கூட அடைக்காமல் திரும்பினான்.
எதற்குப் போனான்?'
கோ தான் ஸின் என்கிற தனசிங்கு:
'மரத்துக்குச் சிவப்புத் துணிகூடக் கட்டாமல்
எந்த ஆவி இறங்கி வரும்?
எழுதினவரை ஒருமுறை பகோவுக்கு வரச் சொல்லுங்கள்.'
ஒன்பதாம் வகுப்பு ஜெசிந்தா
கருத்து எழுதவில்லை,
பறக்கும் நாகத்துக்கு ஒரு தங்கை வரைந்திருந்தாள்.

ஆனால் எட்டுப் பிரதியிலும்
எல்லோரும் நின்ற இடம் ஏழாவது கதை.
முந்நூறு வருடம் கப்பலில் உறங்கியவள்
கதவு தட்டும் சத்தத்தில் விழிக்கிறாள்.
சுற்றிலும் காற்றில்லாத இருட்டு.
தாழ்ப்பாளை விலக்குகிறாள்.
வெளியே நின்றது

(பக்கம் திருப்ப வேண்டும்)

ஒரு பச்சை ரயில். ஓட்டுநர் இல்லை.

சௌந்தரவல்லிக்கு மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று.
'வானத்தில் ஏது தண்டவாளம்?' என்று கேட்ட தனசிங்கு
கீழேயே எழுதியிருந்தார்:
'இருந்தாலும் ஏறத்தான் தோன்றுகிறது.'
மரைக்காயர் முதன்முறையாக
குறை ஒன்றும் சொல்லவில்லை.
பெயர் போடாத ஒருவர்,
பென்சில் அழுத்தாமல்:
'பச்சை ரயில். ஆமாம்.'
அந்தக் கையெழுத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

மழைக்கால முடிவில் மெஷின் இருமத் தொடங்கியது.
பழுது பார்க்க வந்த பையன்
உருளைக்குப் பின்னாலிருந்து
விசிறி மாதிரி மடிந்த ஒரு தாளை உருவினான்.
ஒருபுறம் நூற்றுப் பதின்மூன்று,
மறுபுறம் நூற்றுப் பதினான்கு.
கரண்ட் போன நொடியில்
மெஷின் விழுங்கியது.

படித்தேன்.
வெளியே நின்றது அவளேதான்.
அவள் கண்விழித்தாள், எல்லாம் கனவு.
பின்பக்கத்தில் எட்டாவது கதையின் தலைப்பு,
ஒரு பிளாட்பாரம்,
அங்கே காத்திருந்த ஆட்கள்,
அவர்களுக்கு எதிரே வந்து நிற்கப்போகிற
அவர்களுடைய ரயில்.

அதே வாரம் வைரக்கண்ணு வந்தார்,
அரிசி ஆலையில் கணக்கெழுதி ஓய்ந்தவர்.
'பொருளடக்கத்தில் பன்னிரண்டு,
உள்ளே பதினொன்று.
நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்தது நூற்றுப் பதினைந்தாம்!
இரண்டு பக்கக் காசைத் திருப்பு.'

இருநூறு கியாட் நோட்டையும்
அந்தத் தாளையும் சேர்த்தே நீட்டினேன்.
ஜெனரேட்டர் விளக்கடியில் நின்று,
நகத்தால் மடிப்பை நீவி நீவி
இருபுறமும் படித்தார்.
அப்புறம் அதே மடிப்புகளில் மடித்தார்.
காசு சட்டைப் பையில்.
தாள் என் மேசையில்.
'இதை மெஷினுக்குள்ளேயே போட்டு வை'
என்று சொல்லிப் போனார்,
புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு.

சென்னைக்கு எழுத உட்கார்ந்தேன்.
ரேஷன் கடை, கடன், சிவப்புத் துணி,
நாகத்தின் தங்கை,
எதையும் மறைக்கவில்லை.
ஏழாவது எல்லோருக்கும் பிடித்தது என்று எழுதினேன்,
பொய்யில்லை.
எட்டாவது பற்றி
ஒரு வரி தொடங்கினேன்.

கரண்ட் போய்விட்டது.