ஏழாவது வாக்கியம்

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
மின்வெட்டு நேரம். இரும்புக் கதவுக்கு
அந்தப் பக்கம் கோகிலம்,
இந்தப் பக்கம் இருநூற்று நாற்பதாவது படிவத்தோடு நான்.

‘உழைத்தவர் உயர்வார்.’
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.
யோசிக்கவே இல்லை,
முப்பத்தோராண்டு சட்டைக் காலர் தைத்த கை
ஐந்து விரலையும் விரித்துக் காட்டியது.

‘என் வாழ்க்கை என் கையில்.’
விரல்கள் மடங்கின.
ஆலை மூடிய வெள்ளிக்கிழமையைச் சொன்னார்,
கத்தரிக்கோல் தொலைந்ததென்று
கடைசிச் சம்பளத்தில் பிடித்த பதினேழு ராண்டைச் சொன்னார்.
‘ஒண்ணு போடு.’

முரண் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு.
பேனா அதன்மேல் நின்றது.

‘அந்த அஞ்சு
உள்ளே இருக்கிறவனுக்குக் கேக்கட்டும்னு சொன்னது’
என்றார், குரலைத் தாழ்த்தி.
மெழுகுவர்த்தி அடியில்
மெட்ரிக் கணக்கோடு ஒரு குனிந்த தலை.

ஏழாவது: ‘பெரும்பாலோரை நம்பலாம்.’
சிரித்தார். பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
தண்ணி குடிக்கிறியா என்று
கம்பிக்கு நடுவே டம்ளரை நீட்டினார்.
நுழையவில்லை.

சாவி தேடப் போயிருக்கிறார்.
விடையை இன்னும் நிரப்பவில்லை.