முதல் மூட்டு

இரவு ஒரு மணிக்கு, ஆலை அடங்கிய பிறகு
அது வெறுங்கையைத் தூக்கிப் பார்க்கும்.
ஆறு மூட்டையும் ஒவ்வொன்றாய்.
மேலே, கீழே, கிழக்கே, மேற்கே.
மூடை இல்லை. பார்க்க ஆளும் இல்லை.
இந்த அசைவுக்கு இவ்வளவு மின் போதும் என்று
ஒரு கணக்கு வைத்திருக்கிறது.
போனது எவ்வளவு என்று அளக்கிறது.
இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியை
விடியுமுன் என் தொலைபேசிக்கு அனுப்பிவிடுகிறது.

படிவத்தில் அதன் பெயர் விலகல்.
வலி என்று ஒருமுறை எழுதி
கொழும்பு அலுவலகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்ததில் இருந்து ஒரே முறைப்பாடு.
பிழை நூற்றுப் பதினேழு:
முதல் மூட்டு, தாங்கித் தேய்வு என ஐயம்.
ஐயம் எத்தனை வீதம் என்றும் சொல்லும்.
அறுபத்திரண்டு.
அந்த நேர்மைக்காகவே
களுவாஞ்சிக்குடியில் இருந்து சம்மாந்துறைக்கு
மழைக்கோட்டுக்குள் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் வந்தேன்.

தாங்கியைக் கழற்றினேன்.
நேற்று வாங்கியது போலக் கிடந்தது.
என்றாலும் மாற்றினேன்.
தௌபீக் முதலாளி பில்லை இரண்டு தரம் வாசித்தார்.
அன்றிரவும் வந்தது நூற்றுப் பதினேழு.
ஐயம் அறுபத்தாறு.

மறுகா உணரியையே சந்தேகித்தேன்.
காய்ச்சல்மானிக்கே காய்ச்சல் என்றால்
யார் நெற்றியில் கை வைப்பது?
புது உணரி பூட்டினேன்.
அதுவும் பழைய சொல்லையே சொன்னது.

மூன்றாம் முறை
எண்களை விட்டுவிட்டுத் திசையைப் பார்த்தேன்.
கிழக்கே கிறுகும்போது மின் கூடுதல்,
மேற்கே கிறுகும்போது குறைச்சல்.
தேய்ந்த மூட்டு இரண்டு பக்கமும் முனகும்.
இது ஒரு பக்கம் ஏறுகிறது,
மறு பக்கம் இறங்குகிறது.

பாதத்தட்டுக்குப் பக்கத்தில்
தவிட்டைக் கூட்டித் தள்ளிவிட்டு
ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி அவசரமில்லாமல்
கிழக்கே போய் ஒதுங்கியது.

போர்க்லிப்ட் ஓட்டும் நுஸ்கி எட்டிப் பார்த்தான்.
“இதுக்குக் கீழால வாய்க்கால் கிடக்கு மிஸ்.
மண் போட்டு மூடினது.
இஞ்ச தேத்தண்ணி வெச்சாச் சரிஞ்சுதான் நிக்கும்.”
ஏன் சொல்லவில்லை என்றேன்.
“நீங்க மெசினப் பத்தித்தானே கேட்ட.”

அதன் நினைவில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள்.
மோட்டார், பல்சக்கரம், கம்பி, விசிறி,
விரல் நுனியின் ரப்பர் வரை.
நிலம் என்று ஒரு வரி இல்லை.
தெரிந்த பெயர்களுக்குள் கிட்டியதைச் சொன்னது, பாவம்.
இருபது இரவு தன் தோளையே குற்றம் சாட்டியது.
நாலு போல்ட்டோடு நீ முடிகிறாய் என்று
எழுதிக் கொடுத்தது நாங்கள்தான்.
போல்ட்டுக்குக் கீழே
மாரி மழைக்கு ஊறி
வாய்க்கால் தன் பழைய பாதையைத் தேடுவது
அதற்கு முதல் மூட்டில்தான் தெரியும்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.
“அந்த எல்லையக் கொஞ்சம் கூட்டிவிடுங்களேன்.
மாசியில வெட்டுத் தொடங்கினா
ஒரு நாளும் நிப்பாட்ட ஏலாது.”
நாலு வீதத்தை ஒன்பதாக்கினால் போதும்.
மூன்று விசை அழுத்தும் வேலை.
பிறகு அது முறையிடாது.
சரிந்துகொண்டே மூடை அடுக்கும்.

மழை விடவில்லை. நானும் போகவில்லை.
உமி வாசத்துக்குள் மடிக்கணினியை விரித்துக்கொண்டு
கதிரையில் இருந்தேன்.
ஒரு மணிக்கு வெறுங்கை எழுந்தது.
கிழக்கே போகும்போது
கண்ணுக்குப் பிடிபடாத ஒரு தயக்கம்.
அல்லது தெரிந்த பிறகு நான் பார்த்தது.

நூற்றுப் பதினேழு. ஐயம் எழுபத்தொன்று.

எல்லையில் கை வைக்காமல்
படிவத்தைத் திறந்தேன்.
காரணம் என்ற பெட்டியில்
வாய்க்கால் என்று அடித்தேன்.
பெட்டி சிவந்தது:
பட்டியலில் உள்ள ஒன்றைத் தெரிவு செய்யவும்.