எதிரெதிர் இருக்கை

இன்டர்லாக்கன் விடுதி. காலை மேசையில்
கார் வாடகைத் தாளும் ரயில் கட்டணமும்.
லூசெர்ன் வரை நால்வருக்கு
ரயிலுக்கு நாற்பது பிராங்க் கூடுதல்.

கொண்டை ஊசி வளைவென்றால் வாந்தி வரும் என்கிறாள் யாழ்மொழி.
பெட்டிகளை யார் தூக்குவது என்கிறான் சின்னவன்.
செண்பகவல்லி ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறாள்,
ஓரம் விடாமல்.

பெர்னில் எங்களோடு ஏறிய மௌனம்
இன்னும் இறங்கவில்லை.
காரில் அது தெரியாது:
எல்லோரும் சாலையையே பார்ப்போம்,
வழி சொல்லும் குரலொன்று பேசிக்கொண்டே வரும்.
ரயிலிலோ
முழங்கால் முட்ட, எதிரெதிரே.

"கார்தான்" என்றேன்.

கத்தியை வைத்தாள்.
"நீங்க ஓட்டுனா ஏரியைப் பாக்கமாட்டீங்க."

பெர்னுக்குப் பிறகு
முதல் வாக்கியம்.

வாடகைத் தாளை மடித்துக்கொண்டே கேட்டேன்,
ஏரி
எந்தப் பக்கம் வரும்?