பேயாட்டம், சனிக்கிழமை இரவு

முதலில் டியூப்லைட்டை அணைத்தேன்.
அது அணையும்போது ஒரு தடவை இருமும்.
அதற்காகவே மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

செல்போன்களை வாங்கி அரிசி டின்னில் போட்டு மூடினேன்.
(அரிசிக்குள் போன் அதிர்ந்தால்
எலி பிறாண்டுவதுபோல் இருக்கும். சோதித்துப் பார்த்தது.)
கொடியில் ஈரப் போர்வை, அதன் கீழே கவிழ்த்த எவர்சில்வர் சட்டி:
சொட்டுக்கும் சொட்டுக்கும் ஏழு நொடி.
ஏழு நல்ல கணக்கு. மனசு ஐந்தில் எதிர்பார்த்து ஏமாறும்.

நான்கு பேர். செல்வின், பிச்சுக்கனி, பீர்மைதீன்,
போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஆவுடைநாயகம்.
பகலெல்லாம் எண்பது மீட்டர் உயரத்தில்
காற்றாலையின் கழுத்துக்குள் கிரீஸ் பூசுகிறவர்கள்.
இடுப்புக் கயிற்றில் தொங்கியபடி பரோட்டா தின்கிறவர்களை
எதைச் சொல்லிப் பயமுறுத்துவது?
நான் ஸ்டோர்ஸில் போல்ட் எண்ணுகிறவன்.
சனிக்கிழமை மட்டும் கதை நடத்துகிறவன்.

தேரிக்காட்டில் காணாமல் போன சர்வேயரைத் தேடி
நான்கு பேர் போகிறார்கள்.
காலையில் வைத்த தடம் மாலையில் வேறு மேட்டில் கிடக்கிறது.
செம்மணலுக்கு அடியிலிருந்து அவருடைய அளவுச் சங்கிலி வருகிறது.
இழுக்க இழுக்க வருகிறது.
"சங்கிலிக்கு நூறு கண்ணிதான், பிச்சுக்கனி.
நீ நூற்றிப் பதினாலு எண்ணியாச்சு."

"ஏல, அடியில எவனோ உக்காந்து கோத்துக்கிட்டு இருக்கான்டே."

சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.
சொட்டு விழுந்தது. பீர்மைதீன் எழுந்து போய்
"சவம், பாயை வேற நனைக்கி" என்று
போர்வையைப் பிழிந்து போட்டுவிட்டு வந்தான்.
என் ஒரு வாரத்து யோசனை, பக்கெட்டில்.

தாளைப் புரட்டினேன். அடுத்த வரி:
'வெளியே காற்று ஊளையிடுகிறது.'
வாயைத் திறந்தேன்.

காற்று நின்றது.

ஆடி மாதம். பணகுடி.
வைகாசியில் கணவாய் வழியே நுழைந்தால்
புரட்டாசி வரை போகச் சொல்ல முடியாத விருந்தாளி.
இங்கே பேச்சு அரைக்கட்டை கூட. துணிக்கு மூன்று கிளிப்.
இங்கே பிறந்த பிள்ளை
மதுரையில் தூங்க முடியாமல் அழும்.

ஜன்னல் அடிக்கவில்லை. வேம்பு வாய் மூடிவிட்டது.
இருநூறு எந்திரத்தின் வீச்சு
கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தது.
இருட்டில், இல்லாத கடைசிப் படியில்
கால் வைத்த மாதிரி இருந்தது.

"கிரிட் ட்ரிப்பா இருக்குமோ?" என்றான் ஆவுடைநாயகம்.
ட்ரிப் ஆனால் எந்திரம் நிற்கும்.
காற்று ஏன் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

என் தாளில் அடுத்த வரி செத்துப்போயிருந்தது.
இதுவரை நடத்திய முப்பது ஆட்டத்தில்
உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அப்போது செய்தேன்:
சும்மா இருந்தேன்.

பிறகு மெதுவாக, "உருட்டு" என்றேன்.
இருபது முகப் பகடை பலகையில் ஓடிய சத்தம்
வள்ளியூர் வரை கேட்டிருக்கும்.
என்ன விழுந்தது என்று ஒருத்தரும் குனியவில்லை.

வெகுநேரம் கழித்து, ஒரு நிமிஷம் இருக்கலாம்,
தெற்கே ஒன்று சுற்றத் தொடங்கியது.
ஒன்றே ஒன்று.
வ்வூம். வ்வூம்.
மூன்றாவது வீச்சில் சின்னதாய் ஒரு நொண்டல்.

செல்வினுக்குச் சத்தம் போதும், எந்திரத்தின் எண் சொல்வான்.
தலையைச் சாய்த்துக் கேட்டான்.
"நாப்பத்தொண்ணு."
சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அரிசி டின்னுக்குள் ஏதோ பிறாண்டியது.
யார் போனோ. யாரும் எடுக்கவில்லை.

நாற்பத்தொன்றின் மூன்று இறக்கையையும்
சித்திரையில் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.
அதன் போல்ட்டுகள் இன்னும் என் ஸ்டோர்ஸில்,
பச்சைப் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில், சாக்கில் இருக்கின்றன.
எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்.

சுவிட்ச் என் தலைக்கு நேர்மேலேதான் இருந்தது.