மூன்றாவது சொல்

பதினெட்டுக் கண்ணாடிக் குவளைகள்.
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துத்தான்
மேசையில் வைப்பேன்.
விரல் அடையாளம் இருக்கக்கூடாது,
மோனிக்கின் சட்டம்.
பெயர்ப்பலகை, பென்சில், காதுக்கருவி.
ஜன்னலுக்கு வெளியே ஜெனீவா ஏரி
இன்றைக்கு ஈயத்தட்டின் நிறம்.

காலையில் கொர்னவன் நிலையத்தில்
இறங்கிய நானூறு பேரில்
என் அட்டைதான் பொலிசுக்குத் தேவைப்பட்டது.
செலாமுடையதும்.
"வழமையான சோதனை" என்றான் பெடியன்,
என் மகளின் வயதிருக்கும்.
இருபத்தாறு வருடமாக நான் வழமையானவன்.
செலாம் தன் மொழியில் ஏதோ சொன்னான்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பத்து மணிக்கு ஒரு நாடு வந்து உட்கார்ந்தது.
பெயர் எதற்கு?
எல்லா நாடும் ஒரே மாதிரித்தான் கோப்பைத் திறக்கும்,
தொண்டையைச் செருமும்,
நான் ஊற்றிய தண்ணீரில் பாதியைக் குடிக்கும்,
எங்கள் சட்டத்தின் முன் அனைவரும் சமம்
என்று தொடங்கும்.
முப்பத்திரண்டு பக்கம்.

சுவரோரம் நிற்பவனுக்கும் ஒரு காதுக்கருவி உண்டு.
ஆறு மொழி.
என்னுடையது அதில் இல்லை.
நிபுணர்களில் ஒருத்தி, நரைத்த சுருட்டை முடி,
உடன்படிக்கையின் முதல் உறுப்புரையை
அவசரமில்லாமல் வாசித்தாள்:
இனம், நிறம்,
பிறகு மூன்றாவதாக ஒரு சொல்.
ஆங்கிலத் தடத்தில் அந்தச் சொல் இறங்கியது.
திருகினேன்.
பிரெஞ்சுத் தடத்தில் அதே சொல் ஏறியது.
ஒன்றில் பாட்டனிலிருந்து கீழே வருகிறார்கள்,
மற்றதில் தன்னிலிருந்து மேலே போகிறார்கள்,
படி ஒன்றுதான்.
எனக்குள்ளே ஒருவன்
யாரும் கூலி கொடுக்காமல் மொழிபெயர்த்தான்:
ஆர் பகுதி?

போன ஞாயிறு பேர்னுக்கு எடுத்த தொலைபேசி.
நிரோஜினி விரும்பும் பெடியன் கஜதீபன்,
மருந்தகத்தில் வேலை, நாலு மொழி, நல்ல சிரிப்பு.
தெரிந்தவரிடம் கேட்டேன்.
மனைவி இல்லை, நான்தான் கேட்டேன்:
"ஊர் சரி. கோயிலுக்குக் கிழக்கோ, மேற்கோ?"
அவருக்கு விளங்கியது.
குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னார்.
இரண்டு பேரும் தனித்தனி வீட்டில்,
கதவு பூட்டி இருக்கிறோம்,
யார் கேட்கப்போகிறார்கள் என்று தாழ்த்தினோமோ.

"எங்களிடம் அப்படியொன்றும் இல்லை,
சில பழைய வழக்கங்கள் மட்டும்"
என்று சொல்லிக்கொண்டிருந்தது நாடு.
அந்த வசனத்தின் சுருதி எனக்குத் தெரியும்.
"சும்மா விசாரிச்சு வைக்கிறதுதானே"
என்று மனைவிக்குச் சொன்னபோது
என் தொண்டையில் இருந்தது.

எங்கள் வீட்டிலும் பேணிகள் இருந்தன.
அடுப்படியில் ஏழு.
வேலிப்பக்கம் கவிழ்த்து ஒன்று.
அந்த ஒன்றை யார் கழுவினார்கள்
என்று ஞாபகமில்லை.

இல்லை, ஞாபகம் இருக்கிறது.
குடித்தவரே கழுவினார்.

நிபுணர் மறுபடி கேட்டாள்.
நாடு தன் தாள்களைப் புரட்டியது.
"நாற்பத்தெட்டு மணிநேரத்தில்
எழுத்தில் தருகிறோம்."
நான் போய்த் தண்ணீர் ஊற்றினேன்.
கை நடுங்கி ஒரு துளி
பெயர்ப்பலகையில் விழுந்தது.
யாரும் கவனிக்கவில்லை.

இரவு எட்டு மணி, அவாஞ்சே, ஏழாம் மாடி.
சப்பாத்தைக் கழற்றுமுன்பே
நிரோஜினி நின்றாள்.
"கேட்டீங்களாம்."
"பிள்ளை, காலமை ஸ்டேசனில
என்னை மறிச்சுப்போட்டாங்கள்" என்று தொடங்கினேன்.
அதைத்தான் முதலில் சொல்ல வந்தது எனக்கு.
"அவையளும் சும்மா விசாரிச்சவைதானே, அப்பா?"

குளிர்பெட்டி உறுமி ஓய்ந்தது.
"நாற்பத்தெட்டு மணித்தியாலம் தா" என்றேன்,
பகிடி மாதிரி.
"அது நாடுகளுக்கு."

ஒரு துண்டில் இலக்கம் எழுதி
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
கஜதீபனின் தகப்பனுடையது.
பூச்சியம், மூன்று, ஒன்று.
அதற்குப் பிறகு உள்ள எண்களை
கண்ணாடி போடாமலே
என்னால் வாசிக்க முடிகிறது.