பதினான்காம் கட்டம்

விண்ணப்பத்தில் பதினான்காம் கட்டம் கொஞ்சம் அகலம்.
மாதச் சம்பளம், வெள்ளியில்.
கீழே பொடி எழுத்தில் ஓர் எண்.
அதற்குக் குறைந்தால்
கம்பெனிக்கு ஆள் கிடையாது, ஆளுக்குப் பாஸ் கிடையாது.

அந்த எண் எனக்கு மனப்பாடம்,
என் கைப்பேசி எண்ணுக்கு அடுத்தபடி.
அது உயர்ந்தால் சேதி முதலில் எனக்குத்தான் வரும்.
ஒரு கிராணிக்கு வேறென்ன பாக்கியம்.

சுங்கை மெராந்தியில் ஒரே ஒரு சாலை விளக்குச் சந்தி.
அதற்கு எதிரே நாங்கள்.
செம்பனை ஆலைகளுக்குக் கொதிகலன் பார்க்க
ஆள் அனுப்பும் தொழில்.
கீழே டயர்க் கடை, மேலே ஆபீஸ்.
மதியமானால் ஆலையின் புளித்த வாடை
படியேறி வந்து என் எதிரே உட்கார்ந்துகொள்ளும்.

சூசைராஜ் வந்தது மார்ச்சில்.
தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களைத் தாண்டி ஏதோ ஓர் ஊர்.
முதல் வகுப்புச் சான்றிதழ், பதினோரு வருஷ அனுபவம்.
சுத்தியலால் தட்டிக் கேட்டே
எந்தக் குழாய் இளைத்துவிட்டது என்று சொல்வார்.
'தேர்ச்சி பெற்ற தொழிலாளி' என்று
நூறு பாரத்தில் தட்டியிருக்கிறேன்.
முதன்முதலாக ஒருவரைப் பார்த்தேன்.

எண்ணைத் தட்டினேன், கம்மாவைச் சரியான இடத்தில் வைத்து.
முதலாளி தங்கையா கையெழுத்திட்டார்.
குடிநுழைவில் சாப்பு குத்தினார்கள்.
எல்லாம் சுத்தம்.

இருபத்தெட்டாம் தேதி பேங்கில் ஏறும், முழுசாக, சட்டப்படி.
முப்பதாம் தேதி
கை கழுவிக்கொண்டு அவர் மேலே வருவார்,
பழுப்புக் கவரில் நோட்டுகளோடு.
"எண்ணிக்கிடுங்க அக்கா."
எண்ணிக்கொள்வேன்.
தங்குமிடம், லெவி, டிக்கெட், ஏஜெண்டுக்குக் கொடுத்தது
என்று முதலாளி விரல் மடக்குவார்.
எழுத வேண்டாம் என்பார்.
சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

கோபம் வரவில்லையா என்று கேட்டால்
வந்தது. அவருக்காக அல்ல.
பதினாறு வருஷமாக இந்த நாற்காலி.
அந்தக் குறைந்தபட்ச எண்
என் சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு.
இங்கேயே பிறந்தவளுக்குப் பாஸ் வேண்டாம்,
அதனால் பதினான்காம் கட்டமும் இல்லை.
தப்புதான், தெரியும்,
ஆனாலும் ஒவ்வொரு நோட்டாக நகர்த்தும்போது
அந்த மனுஷன் படிப்படியாக இறங்கி
என் பக்கத்தில் வந்து நிற்பதுபோல்
விரல்நுனியில் ஒரு குளுமை.
யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் எண் உயர்ந்தது.
புதுப்பிக்கும் பாரத்தில் புது எண்ணைப் போடச் சொன்னார் முதலாளி.
கூடினதும் திரும்பி வந்துடணும், சொல்லிடு என்றார்.
உயர்வு அவருக்கு அல்ல,
கவருக்கு.

முப்பதாம் தேதி. அதே கவர், தடிமனாக.
"அக்கா, அரசாங்கம் நம்ம சம்பளத்தக் கூட்டிருக்காம்லா?
ரொட்டிக் கடையில பேசிக்கிட்டாங்க."

நம்ம.

மேசைக்குள் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்று உண்டு.
டீத்தூள், தபால், கக்கூஸ் விளக்கு.
அதை எடுத்தேன்.
பெயர். தேதி. தொகை, எண்ணிலும் எழுத்திலும்.
விவரம்: சம்பளத்திலிருந்து திரும்பப் பெற்றது.
என் கையெழுத்து. கம்பெனி சாப்பு, சிவப்பில்,
சற்றுச் சாய்ந்துவிட்டது.

அவர் படிக்கவில்லை.
ரசீது என்றால் மடித்து வைப்பது என்ற பழக்கத்தில்
சட்டைப் பையில், மாதா படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டு
தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.
பாதிப் படியில் அவர் நடை நின்றது.
வெகுநேரம் நின்றது.

கீழே டயர்க் கடையில் யாரோ காற்றைத் திறந்துவிட்டார்கள்.

புத்தகத்தில் நீல நகல் இருக்கிறது.
கிழிக்கலாம். மணி ஐந்தேகால்.
முதலாளியின் கார் இன்னும் சந்தியைத் தாண்டவில்லை.

வேறு வேலைக்கு எழுதிப்போட்டால்
அந்தப் பாரத்திலும் ஒரு கட்டம் இருக்குமாம்,
எதிர்பார்க்கும் சம்பளம் என்று.
எல்லாருடைய எண்ணும் தெரிந்த எனக்கு
அதில் என்ன போடுவதென்று தெரியவில்லை.